கைதிப் படமும் கேசட் லாத்தாவும்

வீடியோ கேசட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனால் அவர் உடனே வாங்கி அலமாரியில் வைத்துவிட மாட்டார். கையில் பிடித்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்பார்.

"மொத சண்டையில ஒரு தள்ளுவண்டிக்காரன் வண்டி கவுந்து போவுதே, அப்பறம் அந்தாளு என்ன ஆனான்?"

படம் பார்த்தவர்களுக்குக் கதாநாயகன் நினைவிருக்கும், வில்லன் நினைவிருக்கும். தள்ளுவண்டிக்காரன் எங்கே நினைவிருக்கப் போகிறான். "தெரியலயே லாத்தா" என்று அசடு வழிவார்கள்.

"கடைசி வரைக்கும் காட்டவே இல்ல. தக்காளி எல்லாம் ரோட்டுல. வூட்டுக்குப் போயி பொண்டாட்டிகிட்ட என்னன்னு சொன்னானோ" என்று சொல்லிவிட்டுத்தான் கேசட்டை உள்ளே வைப்பார்.

எங்கள் ஊர் தரங்கம்பாடியிலிருந்து மாயவரம் போகிற சாலையில் இருக்கிறது. கிழக்கே போனால் கடல் வாடை, மேற்கே போனால் வயல். அவர் தெருவில் அக்காவை லாத்தா என்பார்கள். வயது வித்தியாசம் இல்லாமல் எல்லோருக்கும் அவர் லாத்தாதான். வீட்டு முன்னறையில் கேசட் வாடகைக்கு விட ஆரம்பித்த பிறகு கேசட் லாத்தா ஆனார். அவருடைய சொந்தப் பெயரை ரேஷன் அட்டையில் ஒருமுறை பார்த்தேன். யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

கணவர் வளைகுடாவில் இருந்தார். ஒரு விடுமுறைக்கு வந்தபோது கம்பளி, டார்ச் லைட், வாசனைச் சோப்பு ஆகியவற்றோடு டிவியையும் வீடியோ டெக்கையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு நான்கு வருஷமாக வரவில்லை. மாதம் ஒரு கடிதம் வரும். 'நான் சுகம். உன் சுகத்துக்கு எழுது' என்று இரண்டு வரி. லாத்தா குர்ஆன் ஓதுவார், தமிழில் அச்செழுத்தைக் கூட்டிப் படிப்பார், கையெழுத்து பிடிபடாது. அதனால் அந்த இரண்டு வரியை நான்தான் படித்துச் சொல்வேன். "இவ்வளவுதானா?" என்று கூடக் கேட்க மாட்டார். ஊரில் எல்லோரைப் பற்றியும் கேள்வி வைத்திருந்தவர் அந்த ஒருவரைப் பற்றி மட்டும் கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை.

நான் அப்போது பி.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு மாயவரத்தில் தட்டச்சு கற்றுக்கொண்டிருந்தேன். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். எங்கள் கோயில் தெருவுக்கும் லாத்தா தெருவுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால்தான். ஆங்கிலப் படம் வந்தால் ஆள் அனுப்புவார். "வாத்தியார் மவளே, வா. இவன் என்னத்தையோ கத்துறான். என்னன்னு கேட்டுச் சொல்லு."

அவருடைய கேள்விகளுக்கு ஊரில் பயம் இருந்தது. ஒரு கல்யாண வீட்டில், மூன்று வருஷமாக யாரும் பேச்செடுக்காத அந்த வீட்டுச் சின்னம்மா ஒருத்தியைப் பற்றி, "அவ எங்கம்மா, காணோம்?" என்று பந்தியில் உட்கார்ந்துகொண்டு கேட்டுவிட்டார். அடுத்த இரண்டு விசேஷத்துக்கு அந்த வீட்டிலிருந்து அவருக்கு அழைப்பு வரவில்லை.

என்னையும் கேட்டார். தரங்கம்பாடியிலிருந்து ஒரு பேங்க் மாப்பிள்ளை என்னைப் பார்த்துவிட்டுப் போய் இரண்டு மாதம் பதில் இல்லாமல் இருந்தது. தெருவில் எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் தெரியாதது போலச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கேசட் கொடுக்கப் போன என்னிடம் நாலு பேர் நிற்கும்போது, "அந்தப் பேங்க் மாப்பிள்ள என்ன ஆனாரு?" என்றார். எனக்கு முகம் எரிந்தது. பத்து நாள் அந்தப் பக்கமே போகவில்லை. பதினோராம் நாள் அவரே வாய்க்கால் மதகைத் தாண்டி வந்து எங்கள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கேட்டது தப்பா புள்ள?"

"நாலு பேர் முன்னாடி கேட்டது தப்பு லாத்தா."

"சரி, அது தப்புதான். ஆனா யாரும் கேக்கலன்னா நீ அதை ஒருத்தியா வச்சிக்கிட்டுக் கெடப்பியே" என்றார். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. நான் அழுது முடிக்கிற வரைக்கும் கேட்டின் அந்தப் பக்கம் நின்றுவிட்டுப் போனார்.

கைதிப் படம் வந்தது அந்த வருஷம்தான். குறுவைக்குத் தண்ணீர் வராமல் வயல் எல்லாம் வெடித்துக் கிடந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் மஞ்சள் போர்டு வைத்த டெலிபோன் பூத்து ஒன்று புதிதாகத் திறந்திருந்தார்கள். பாஸ்போர்ட் எடுத்து வைத்துக்கொண்டு விசாவுக்குக் காத்திருக்கும் பையன்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருந்தார்கள். அவர்கள்தான் லாத்தாவின் முக்கிய வாடிக்கை.

விடுமுறைக்கு வந்த ஒருவன் பெட்டியின் அடியிலிருந்து ஒரு கேசட்டை எடுத்துக் கொடுத்தான். மேலே பெயர் இல்லை. "என்ன படம்னு தெரியாது லாத்தா. நாங்க தங்கியிருந்த ரூம்ல கெடந்துச்சு" என்றான். எந்த கேசட்டையும் தான் முழுதும் பார்க்காமல் வாடகைக்கு விடுவதில்லை என்பது லாத்தாவின் வழக்கம். மதியத் தொழுகை முடித்துவிட்டு எனக்கு ஆள் அனுப்பினார்.

ஆங்கிலப் படம். கீழே அரபு எழுத்து ஓடியது. கதை மிகச் சின்னது. ஒரு சிறைச்சாலை அதிகாரி, பணக்காரர்களைக் கூட்டிவந்து விருந்து வைக்கிறான். மறுநாள் காலையில் ஆறு கைதிகளை ஒரு பொட்டல் காட்டில் அவிழ்த்து விடுகிறார்கள். சாயங்காலத்துக்குள் ஆற்றின் அக்கரைக்குப் போய்விட்டால் விடுதலை. பணக்காரர்கள் ஜீப்பில் துப்பாக்கியோடும் வில்லோடும் துரத்துகிறார்கள். விளையாட்டுக்குத்தான். சுட்டவன் மற்றவனிடம் கை குலுக்குகிறான்.

காசில்லாமல் எடுத்த படம் என்பது பார்த்தாலே தெரிந்தது. ஒரே மொட்டை மரத்தை மூன்று தடவை தாண்டி ஓடினார்கள். ரத்தம் சர்பத் நிறத்தில் இருந்தது. ஒரு கைதியின் கையில் வாட்ச். "ரெண்டாவதா செத்தவன் தொப்பி போட்டுக்கிட்டுக் காவக்காரனா வர்றான் பாரு" என்று லாத்தாதான் காட்டினார். கைதிகளில் இரண்டு பேர் பெண்கள். அவர்களுடைய உடுப்பு ஒவ்வொரு முள்ளிலும் மாட்டிக் கிழிந்துகொண்டே வந்தது. லாத்தா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "முடிஞ்சிச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

மறுநாள் அந்த இடங்களில் எல்லாம் டிவியில் வந்த விவசாய நிகழ்ச்சியைப் பதிவு செய்து அழித்துவிட்டார். படம் பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சரியான நேரத்தில் கண்ணாடி போட்ட ஒருவர் வந்து, குருத்துப்பூச்சிக்கு மருந்தடிக்கும் முறையைப் பற்றிப் பேசிவிட்டுப் போவார். அப்படியும் அந்தப் படத்துக்குத்தான் போட்டி. ஒருவன் திருப்பிக் கொடுக்கும்போதே இரண்டு பேர் வாசலில் நிற்பார்கள். வேட்டை பார்க்கிற ருசி. ஜீப் கிளம்பினால் சீட்டி அடிப்பார்களாம்.

லாத்தாவுக்கு வேறு கவலை. ஆறு பேரில் நான்கு பேர் சாவதைக் காட்டினார்கள். கதாநாயகன் தப்பித்துவிட்டான். மிச்சம் ஒருத்தன், ஒல்லியானவன், படம் ஆரம்பித்த அரை மணி நேரத்தில் ஆற்றங்கரைக் கோரைக்குள் இறங்குகிறான். ஜீப் அந்தப் பக்கமாகப் போகிறது. அப்புறம் அவனைக் காட்டவே இல்லை. லாத்தா மூன்று தடவை ஓட்டிப் பார்த்தார்.

"இவன் சாவல புள்ள. செத்தா காட்டியிருப்பாங்கள்ல?"

"எடுத்தவங்க மறந்துட்டாங்க லாத்தா."

"மறந்துட்டாங்களா? ஒரு ஆள எப்படி மறப்பாங்க?"

"காசு தீந்து போயிருக்கும்."

அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. "இவங்கள்லாம் என்ன தப்பு பண்ணிட்டு உள்ள போனவங்க? அதையாச்சும் சொன்னானா?" என்றார். அதையும் படத்தில் சொல்லவில்லை.

லாத்தா வீட்டுக் கொல்லையில் நெல் அவிக்க பாக்கியம் வருவாள். வாய்க்கால் கோடியில் குடியிருந்தவள். வயல் வேலை இல்லாத நாட்களில் நாலைந்து வீட்டுக்கு நெல் அவித்துக் காயவைத்துக் கொடுப்பாள். ஒரு நாள் முற்பகலில் நெருப்புப்பெட்டி கேட்டு முன்னறை வாசலுக்கு வந்தாள். அங்கே பையன்கள் நாலு பேர் கேசட் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். டிவியில் கைதிப் படம் ஓடிக்கொண்டிருந்தது, நாடா சிக்குகிறது என்று யாரோ சொன்னதால் லாத்தா போட்டுச் சோதித்துக்கொண்டிருந்தார். மணலில் ஒருவன் விழுந்து எழுந்து ஓடினான். பின்னால் ஜீப் வந்தது.

பாக்கியம் வாசலிலேயே நின்று பார்த்தாள். நெருப்புப்பெட்டியை நீட்டினேன், வாங்கவில்லை.

"பாயம்மா, இது அந்த ஊருங்களா?"

"எந்த ஊரு?"

"என் மவன் போன ஊரு."

ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். மற்றவர்களும் சிரித்தார்கள். பாக்கியம் அவர்களைப் பார்க்கவில்லை. திரையின் கீழே ஓடிய எழுத்தைக் காட்டினாள். "அவன் மொத மொத போட்ட கடுதாசி தலையில இதே எழுத்துதாங்க இருந்துச்சு. பூச்சி ஊர்ற மாதிரி. நான் பத்திரமா வச்சிருக்கேன்."

லாத்தா எழுந்து போய் டெக்கை நிறுத்தினார். "இது வேற ஊரு பாக்கியம். நெசம் இல்ல, நடிக்கிறாங்க. செவப்புச் சாயத்தைப் பூசிக்கிட்டு விழுவுறாங்க."

"அப்ப என் மவனை யாரும் தொரத்தலியே?"

இல்லை என்று சொல்லிவிடலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். லாத்தா சொல்லவில்லை. "எனக்குத் தெரியாதே பாக்கியம்" என்றார். பிறகு, "செல்வராசு கடைசியா எப்ப எழுதுனான்?" என்று கேட்டார்.

"போன வருஷம் சித்திரையில ஒண்ணு. அப்பறம் ஒண்ணும் இல்லீங்க. ஏஜெண்டு அய்யாவைக் கேட்டா, பெரிய பண்ணையில நல்லாருக்கான், எழுத நேரம் இல்லங்கிறாரு."

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பாக்கியம் நெருப்புப்பெட்டியை வாங்கிக்கொண்டு கொல்லைக்குப் போய் அடுப்பை மூட்டினாள். பையன்கள் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒவ்வொருவராக நழுவினார்கள்.

லாத்தா கட்டிலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. செல்வராசை அவருக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கொல்லைத் தென்னையில் காய் பறித்துப் போட்டவன். "தள்ளுவண்டிக்காரன் என்ன ஆனான்னு ஊரெல்லாம் கேட்டேன்" என்றார் என்னிடம். "கொல்லையில நெல்லு அவிக்கிறவ மவன் என்ன ஆனான்னு ஒரு நாளு கேக்கலையே புள்ள. பதினஞ்சு மாசமா என் கண்ணு முன்னாடி வந்து போறா." அவர் குரல் உடைந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

மறுநாள் என்னைக் கூப்பிட்டு ஒரு பலகையில் சாக்கட்டியால் எழுதச் சொன்னார். 'கைதிப் படத்துக்கு வாடகை கிடையாது. கடுதாசி எழுதினால்தான் படம்.'

விஷயம் இதுதான். யாருக்குக் கைதிப் படம் வேண்டுமோ அவர் வளைகுடாவில் இருக்கிற தன் அண்ணனுக்கோ மாமனுக்கோ மச்சினனுக்கோ ஒரு கடிதம் எழுத வேண்டும். செல்வராசு என்கிற ஆளைப் பார்த்தீர்களா, பார்த்தவர் யாரையாவது தெரியுமா என்று விசாரிக்க வேண்டும். எழுதின கடிதத்தை லாத்தா கையில் கொடுத்துவிட்டுக் கேசட்டை வாங்கிப் போகலாம். தபாலில் சேர்ப்பது அவர் பொறுப்பு. அடையாளத்தை நான் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன்: வயது இருபத்து நான்கு, மாநிறம், இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு, சிரித்தால் முன்பல் ஒன்று கோணல், ஊர் பெயர், அம்மா பெயர் பாக்கியம்.

முதல் இரண்டு நாள் யாரும் வரவில்லை. மூன்றாம் நாள் ஒருவன் வந்து, "நான் மச்சானுக்கு எழுதியே ஆறு மாசம் ஆச்சு லாத்தா. திடீர்னு இதை எழுதுனா என்ன நெனைப்பாரு?" என்று தலையைச் சொறிந்தான். "மொதல்ல உன் அக்கா சொகத்தை விசாரி. அப்பறம் இதை எழுது" என்றார் லாத்தா. அவன் உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினான். அப்புறம் வரிசை கட்டி வந்தார்கள். எழுத வராதவர்களுக்கு நான் எழுதினேன். தட்டச்சு வகுப்புக்குப் போகிற பஸ்ஸை அந்த வாரத்தில் நான்கு நாள் விட்டேன்.

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. "மனுஷனை மனுஷன் வேட்டையாடுறதைக் காட்டி ஒரு நல்ல காரியம் நடக்கணுமா? அந்தம்மாவுக்கு வேற படமே கிடைக்கலியா?" என்றார். நான் அதை அப்படியே லாத்தாவிடம் சொன்னேன். "நல்ல படத்துக்கு யாரு புள்ள கடுதாசி எழுதுவா?" என்றார் அவர். அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் செய்தித்தாளை விரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். சிரித்தாரா என்று தெரியவில்லை.

செல்வராசை அனுப்பிய ஏஜெண்டு ஒரு மாதம் கழித்து வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் தோல்பை. முன்னறைக்குள் வந்து பலகையைப் படித்தார், சுவரைப் படித்தார்.

"இது என்னம்மா வேலை? நான் ஆளைக் காணாம அடிச்சிட்ட மாதிரி ஊரெல்லாம் பேச்சா இருக்கு. நாலு பேரு பாஸ்போர்ட்டைத் திருப்பிக் குடுங்கறாங்க."

"அப்ப அவன் இருக்கிற எடத்தைச் சொல்லுங்க. பலகையை அழிச்சிடுறேன்."

"பண்ணையிலதான் இருக்கான்."

"எந்தப் பண்ணை? விலாசம் சொல்லுங்க, இந்தப் புள்ள எழுதிக்கும்."

நான் பேனாவை எடுத்தேன். ஏஜெண்டு என்னையும் பேனாவையும் பார்த்தார். அவருக்கு விலாசம் தெரியவில்லை என்பது அந்த ஒரு நிமிஷத்தில் எங்கள் இருவருக்கும் தெரிந்துபோயிற்று. வெளியே போனவர் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினார்.

"அடுத்தவ மவனைத் தேடுறீங்க, நல்லது. உங்க வூட்டு ஆளு நாலு வருஷமா ஏன் வரலன்னு மொதல்ல விசாரிங்க."

லாத்தா அலமாரிப் பக்கம் திரும்பிக் கேசட்டுகளை அடுக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே அடுக்கியிருந்த கேசட்டுகள்தான்.

பதில்கள் வர இரண்டு மாதம் ஆயிற்று. பெரும்பாலும் 'தெரியவில்லை' என்றுதான் வந்தது. ஆனாலும் ஆளைத் தேடும் செய்தி அங்கே அறை அறையாகப் பரவிக்கொண்டிருந்தது புரிந்தது. நாங்கள் எழுதாத ஆட்களிடமிருந்தும் பதில் வந்தது. அப்படி ஒன்று, தண்ணீர் லாரி ஓட்டுகிற ஒருவர் எழுதியது. நல்ல கையெழுத்து. பாக்கியத்தை வரவழைத்து உட்கார வைத்துவிட்டு, "படி" என்றார் லாத்தா.

நகரத்திலிருந்து நான்கு மணி நேரம் உள்ளே போனால் ஒரு ஆட்டுப் பட்டி இருக்கிறது. வாரம் ஒருமுறை அங்கே தண்ணீர் ஊற்றப் போகிறேன். ஆடு மேய்க்கிற ஆளோடு பேச முதலாளி விடமாட்டார். இந்தச் சேதி கேள்விப்பட்ட பிறகு ஒருமுறை குழாயைப் பிடிக்க அவனைக் கூப்பிட்டேன். பாக்கியம் மவனா என்று மெதுவாகத் தமிழில் கேட்டேன். குழாயைக் கீழே போட்டுவிட்டான். புருவத்தில் தழும்பு இருக்கிறது. உயிரோடு இருக்கிறான், மெலிந்திருக்கிறான். தாளோ பேனாவோ அவனுக்குக் கிடைப்பதில்லை.

பாக்கியம் வாயில் சேலையைத் திணித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினாள். லாத்தா அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன், திருப்பியவள் நிறுத்திவிட்டேன்.

"அவ்வளவுதானா?" என்றார் லாத்தா.

"அவ்வளவுதான் லாத்தா."

"கண்ணு இன்னும் ஓடுதே உனக்கு. முழுசாப் படி."

நான் பாக்கியத்தைப் பார்த்தேன். "அவ இருக்கட்டும். படி" என்றார்.

கடைசியில் நான்கு வரி. கடிதம் எந்த வீட்டிலிருந்து புறப்பட்டது என்று விசாரித்ததில், அந்த வீட்டுக்காரரைத் தெரியும் என்று அறை நண்பர் ஒருவர் சொன்னார். அந்த வீட்டுக்காரர் இங்கேயே ஒரு பெண்ணை நிக்காஹ் செய்து மூன்று வருஷமாகக் குடும்பமாக இருக்கிறார். ஒரு குழந்தை. நான் சொல்ல வேண்டியது இல்லை, மறைத்தாலும் பாவம் என்று எழுதுகிறேன், மன்னிக்கவும்.

பாக்கியம் ஆடுவதை நிறுத்திவிட்டாள். சேலையை வாயிலிருந்து எடுத்துவிட்டு லாத்தாவின் முழங்காலைத் தொட்டாள். லாத்தா அந்தக் கையைத் தட்டிக் கொடுத்தார். "மொதல்ல உன் மவன் வரட்டும்" என்றார். என்னிடம் அந்தப் பட்டியின் விவரத்தை இரண்டு தாளில் எழுதச் சொன்னார். ஒன்று தூதரகத்துக்கு, ஒன்று கலெக்டருக்கு. மறுநாளே பாக்கியத்தைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். ஏழெட்டு மாதம் அந்த அலைச்சல். பலகையில் சாக்கட்டி எழுத்து மங்கிப்போயிற்று, மழைக்காலம் முடிந்தும் செல்வராசு வரவில்லை.

வந்தபோது அம்மாவே கண்டுபிடிக்க முடியாதபடி கறுத்து வற்றிப்போயிருந்தான். பாக்கியம் அவனைக் கையைப் பிடித்து லாத்தா வீட்டுக்குக் கூட்டிவந்தாள். நாற்காலி போட்டும் தரையில்தான் உட்கார்ந்தான். என்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "தப்பிச்சு வரப் பாக்கலியா? பிடிச்சு அடிச்சாங்களா? துரத்துனாங்களா?" என்று கேட்டுவிட்டேன். ஒரு வருஷமாக எங்கள் மனதில் ஓடிக்கொண்டிருந்த படம் அதுதானே.

அவன் யோசித்துப் பதில் சொன்னான். "யாரும் தொரத்தலக்கா. ஒருதரம் ரெண்டு நாளு நடந்து பாத்தேன். தண்ணி இல்லாம நானே திரும்பிப் பட்டிக்கு வந்தேன். மொதலாளி ஒண்ணும் கேக்கல. ஆட்டை மட்டும் எண்ணிக்கிட்டாரு."

லாத்தா எதிரே உட்கார்ந்து அவனைச் சாப்பிட வைத்தார். அவன் சாப்பிடுகிறபோது பட்டியில் உடன் இருந்தவர்கள் யார், அவர்கள் எந்த ஊர், இப்போது எங்கே என்று ஒவ்வொருவராகக் கேட்டார். வங்காளம் பேசுகிற ஒரு கிழவர் இருந்தாராம். அவருக்கு ஊர் விலாசம் மறந்துவிட்டதாம். லாத்தா அதற்கு மேல் சோற்றைப் போடாமல் கரண்டியைப் பிடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தார்.

அதற்குப் பிறகு கைதிப் படத்தைப் பழையபடி வாடகைக்கு வைத்தார். யாரும் கேட்கவில்லை. அதற்குள் புதிதாக வேறு சண்டைப் படங்கள் வந்துவிட்டிருந்தன. செல்வராசு திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்து, அம்மாவையும் அழைத்துக்கொண்டான்.

பாக்கியம் ஊரை விட்டுப் போன வாரம் லாத்தா என்னைக் கூப்பிட்டு ஊர் விஷயம் ஒன்றும் இல்லாமல் கணவருக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார். "'நான் சுகம். பிள்ளை பிறந்திருப்பதாகத் தெரிந்துகொண்டேன். ஆணா பெண்ணா? பெயர் என்ன வைத்தீர்கள்?' இவ்வளவுதான். ஒட்டிரு."

"வேற ஒண்ணும் கேக்க வேணாமா லாத்தா?"

"வேற எதைக் கேட்டாலும் பொய்யி எழுதுவாங்க" என்றார்.

பதில் வரவில்லை. மாதாந்தர இரண்டு வரியும் நின்றுபோயிற்று. தைப் பொங்கலுக்கு முந்தின வாரம், பட்டப்பகலில், திருச்சியிலிருந்து ஒரு வாடகைக் கார் வந்து வாசலில் நின்றது. நான் முன்னறையில் கேசட்டுகளுக்குப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு பெட்டியோடு லாத்தாவின் கணவர் இறங்கினார். போட்டோவில் பார்த்ததைவிட உயரமாக இருந்தார், கொஞ்சம் கூனியிருந்தார்.

"வாங்க" என்றார் லாத்தா. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் நின்றபடியே குடித்தார்.

"உன் கடுதாசி வந்துச்சு."

"வந்திருக்கும்."

"பதில் எழுதத்தான் உக்காந்தேன். வரல."

லாத்தா சொம்பை வாங்கிக்கொண்டார். "பேரு என்ன?"

"பொண்ணு. உம்மா பேரைத்தான் வச்சிருக்கேன்."

அந்த உம்மா, லாத்தாவின் மாமியார், கடைசி ஐந்து வருஷம் படுக்கையில் கிடந்தவர். எடுத்துப் போட்டு, குளிப்பாட்டி, கடைசி வாய்த் தண்ணீரை ஊற்றியது லாத்தா. மகன் அப்போது வெளிநாட்டில் இருந்தார். லாத்தா சொம்பை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"அது இப்ப யார்கிட்ட இருக்கு?"

"அதோட உம்மாகிட்ட."

"நீங்க இங்க வந்துட்டா அதுங்க ரெண்டுக்கும் அங்க யாரு?"

அவர் படியிலேயே உட்கார்ந்து முகத்தைக் கைகளில் வைத்துக்கொண்டார். லாத்தா உலை வைக்க உள்ளே போனார். நான் பசையையும் காகிதத்தையும் அப்படியே போட்டுவிட்டுப் பின்வாசல் வழியாக வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இருபது நாள் இருந்துவிட்டு அவர் திரும்பிப் போனார். அவர்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியாது. புறப்படுகிற அன்று காலையில், அவருடைய பெட்டியில் லாத்தா ஒரு சின்னப் பாவாடையை மடித்து வைப்பதை மட்டும் பார்த்தேன். பச்சைத் துணி, ஓரத்தில் ஜரிகை. அதற்கு முந்தின மூன்று நாளும் அவர் அதைக் கையாலேயே தைத்துக்கொண்டிருந்தார். அந்த மூன்று நாளும் பையன்கள் வந்தார்கள், கேசட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள், வழக்கம்போல வாசலில் தயங்கி நின்றார்கள். அவர் ஊசியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. ஒருவரிடமும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.